பாவாவோடு ஆடிய பதினோரு ஆட்டங்கள்

பாவா,

இன்று காலை வீட்டில் கேம் மிஷினின் அடாப்டர் சூடேறிய வாடை வந்தது. பிளாஸ்டிக் உருகுவதற்குச் சற்று முன்னால் வருமே, அந்த வாடை. காபித் தம்ளரைக் கீழே வைத்துவிட்டு ஓடிப்போய்த் தொட்டுப் பார்த்தேன். கை வைக்க முடியவில்லை.

நேற்று ஒரு புது கேம் வாங்கி வந்திருந்தேன். டிஸ்க்கைப் போட்டதும் ஆடவிடுகிறதா என்றால், இல்லை. கடையில் விற்றது முழுசாக இல்லையாம். மிச்சத்தை இன்டர்நெட்டிலிருந்து இறக்கிக்கொள்ள வேண்டுமாம். நம் ஊர் இணைப்பில் அதற்கு முக்கால் மணி நேரம் ஆயிற்று. அதற்கப்புறம் கதை. யாரோ இரண்டு பேர் மழையில் நின்று பேசிக்கொண்டே இருந்தார்கள். அது முடிந்ததும் ஒரு குரல் வந்து, நடப்பதற்கு இந்தப் பட்டன், குனிவதற்கு இந்தப் பட்டன் என்று பாடம் எடுத்தது. போகவேண்டிய திசையெல்லாம் அம்புக்குறி. வேண்டுமென்றே ஒரு பள்ளத்தில் குதித்துப் பார்த்தேன். இரண்டடி தள்ளி மறுபடி நிற்கவைத்தது. நாலு முறை குதித்தேன். நாலு முறையும் அலுக்காமல் தூக்கி நிறுத்தியது.

அணைத்துவிட்டேன். பக்கத்தில் இன்னொருவர் உட்கார்ந்து ஆட அந்த கேமில் வழியே இல்லை. துணைக்கு ஆள் வேண்டுமென்றால் நெட்டில் தேடிக்கொள்ளச் சொல்கிறது. எந்த தேசத்துக்காரனோ காதுக்குள் கத்துவான். முழங்கையால் விலாவில் இடிக்க மாட்டான்.

சுவருக்கு அந்தப் பக்கம் உன் வீட்டிலிருந்து அத்தை கேட்டாள். "இன்னாடி, சத்தம் நின்னுபோச்சி?"

"நல்லால்ல அத்தை."

"உனுக்கு எதாவது நல்லா இருந்துதா?"

நீ இருந்திருந்தால் நான் இந்த கேமை ஒரு மணி நேரம் திட்டியிருப்பேன், நீ அதைவிட மோசமாகத் திட்டியிருப்பாய். நீ போய் ஒன்றரை வருடம் ஆகிறது. திட்டுவதற்கு ஆளில்லாமல் இதை எழுதுகிறேன்.

நம் டிவி கேம் வந்தபோது எனக்குப் பன்னிரண்டு வயது, உனக்குப் பதினைந்து. மாமாவுக்கு அரக்கோணத்தில் ரயில்வே வேலை. ஏதோ காரியமாக மெட்ராஸ் போனவர் பர்மா பஜாரிலிருந்து ஓர் அட்டைப்பெட்டியோடு திரும்பினார். உன் அப்பாவை நான் மாமா என்பேன், உன்னைப் பாவா என்பேன். அம்மாவின் அண்ணன் மகனுக்கு நம் வீடுகளில் வேறு பெயர் கிடையாது. பாவா என்றால் நாளைக்கு என்னைக் கட்டிக்கொள்ளப் போகிறவன் என்று தெருவுக்கே தெரியும். நம் இரண்டு பேருக்கும் அது காது குத்தியது மாதிரி, நம்மைக் கேட்காமல் எப்போதோ நடந்து முடிந்த விஷயம். அதைப் பற்றி நாம் யோசித்ததே இல்லை. டேங்க் கேமில் முதல் டேங்க் யாருக்கு என்பதைத்தான் யோசித்தோம்.

முதல் டேங்க் எப்போதும் உனக்குத்தான். இரண்டாவது ஜாய்ஸ்டிக்கில் சுடும் பட்டன் அமுங்கினால் தானாக மேலே வராது, நகத்தால் நெம்ப வேண்டும். அது எனக்கு.

"மாத்திக் குடு பாவா, ஒரு வாட்டி."

"எங்க நைனா வாங்கினு வந்தது. ஆடறதுன்னா ஆடு. இல்லன்னா போயி கோலம் போடு."

அந்த கேமில் இரண்டு பேரும் ஒரே கட்சி. செங்கல் கோட்டைக்குள் இருக்கும் சின்னத்தை எதிரி டேங்குகள் சுட்டுவிடாமல் காக்க வேண்டும். ஆனால் கூட்டாளியின் குண்டு பட்டால் சில விநாடி அசைய முடியாமல் நின்றுவிடுவோம். நீ எதிரியைச் சுட்டதைவிட என்னைச் சுட்டதுதான் அதிகம். நான் நின்ற இடத்தில் துடித்துக்கொண்டிருக்க, என் மேல் எதிரி குண்டு விழும் வரை பார்த்துக்கொண்டிருப்பாய். வாசலில் தெருப்பிள்ளைகள் நின்று பார்ப்பார்கள். மூன்று லைஃப். மூன்றும் எனக்கு முதலில் தீரும்.

முதலில் தீர்ந்தவர் நம் ஊர்க் கோயில் மலையேற வேண்டும் என்பது நீ வைத்த சட்டம். முந்நூற்று அறுபத்தைந்து படி. போய் வந்ததாகப் பொய் சொல்லக்கூடாது. மேலே போய் விபூதி வாங்கி மடித்துக்கொண்டு வந்து உன்னிடம் காட்ட வேண்டும். வாரத்தில் நாலு நாள் ஏறியிருக்கிறேன். கோயிலில் விபூதி கொடுக்கிறவருக்கே என் முகம் பழகிவிட்டது. "இன்னிக்கும் தோத்துட்டியாம்மா?" என்று சிரித்துக்கொண்டே கொடுப்பார். மூச்சிரைக்கக் கீழே வந்து காட்டினால், நீ அதை வாங்கி உன் நெற்றியில் பூசிக்கொண்டு, "அடுத்த ஆட்டம்" என்பாய். உன்னை நான் அப்போது வெறுத்தேன். ஒரு நாள்கூட வராமல் இருந்ததில்லை.

மூன்றாவது கோடை விடுமுறையில் ஜெயித்தேன். நெம்பி நெம்பிச் சுட்டே பழகிய என் கை, பட்டனே இல்லாமல் ஆடக் கற்றுக்கொண்ட மாதிரி ஆகியிருந்தது. அன்று நீ என்னைச் சுட வரும்போதெல்லாம் விலகினேன். உன் மூன்றாவது லைஃப் போனபோது எனக்கு இன்னும் ஒன்று மிச்சம் இருந்தது. வாசலில் இருந்த பிள்ளைகள் "படி! படி!" என்று கத்தினார்கள்.

மே மாதம், உச்சி வெயில். நீ எழுந்திருக்கவில்லை.

"வெயிலு தாயட்டும்."

"எனுக்கு வெயிலு தாய உட்டியா நீ?"

"காலு ஒரு மாரியா இருக்குதுமே. நாளிக்கி ஏர்றேன்."

"நடிக்காத பாவா. எந்திரி."

நான் விடவில்லை. நீ ஏமாற்றுவாய் என்று பின்னாலேயே வந்தேன், அஞ்சாறு பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு. பாதி தூரத்துக்கு மேல் நீ ஒவ்வொரு படிக்கும் உள்ளங்கையை முட்டியில் ஊன்றித் தள்ளித்தான் எழுந்தாய். பின்னாலிருந்து நான் உன்னைப் போலவே முட்டியில் கையூன்றி, இடுப்பை ஆட்டி ஆட்டி ஏறிக் காட்டினேன். பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். நீ திரும்பிப் பார்த்தாய். மறுபடி ஏறினாய். மேலே போய் விபூதி வாங்கினாய். சட்டத்தை வைத்தவன் நீ; அதை மீறுவது உனக்குக் கேவலம்.

இறங்கும்போது விழுந்தாய். தடுக்கியெல்லாம் விழவில்லை. நின்றுகொண்டிருந்த கால் மடங்கியது, அவ்வளவுதான். ஏழெட்டுப் படி உருண்டு, சுண்ணாம்பு அடித்த பக்கச் சுவரில் மோதி நின்றாய். இடது கை மணிக்கட்டு வேறு பக்கம் திரும்பியிருந்தது. நான் மேல் படியிலேயே நின்றேன். ஓடி வந்து தூக்கியது யாரோ மொட்டையடித்த பக்தர்.

புத்தூருக்குக் கொண்டுபோய்க் கட்டுப் போட்டு வந்தார்கள். எலும்பு நன்றாகவே கூடியது. ஆனால் நீ தரையிலிருந்து எழும்போது சுவரைப் பிடிக்க ஆரம்பித்தாய். அதற்கு முன்பே பல மாதங்களாகப் பிடித்துக்கொண்டுதான் இருந்தாய், யாரும் கவனிக்கவில்லை என்று பிறகு பேசிக்கொண்டார்கள். மெட்ராஸ் ஆஸ்பத்திரியில் தொடையிலிருந்து சதையைத் துளி வெட்டிச் சோதித்துச் சொன்னார்கள். தசை கொஞ்சம் கொஞ்சமாகக் கரையும் வியாதி. பிறவியிலேயே இருந்தது. முதலில் கால், பிறகு தோள், பிறகு கை, கடைசியாக மூச்சு. மருந்து இல்லை. மாமா திரும்பி வந்து எல்லாவற்றையும் அதே வரிசையில் சொன்னார், ரயில் நிற்கும் ஊர்களைச் சொல்வது மாதிரி.

படியேறியதற்கும் வியாதிக்கும் சம்பந்தமில்லை என்று டாக்டர் தெளிவாகவே சொல்லியிருந்தார். அத்தை அதை ஏற்கவில்லை. "நல்லா ஓடிகினு இருந்த புள்ளைய மலைக்கி ஏத்தி உருட்டி உட்டாளே" என்று யார் வந்தாலும் சொன்னாள். நான் வாசலில் நிற்கும்போதும் சொன்னாள். உனக்கு உண்மை தெரியும், பாவா. ஆஸ்பத்திரியில் டாக்டர் சொன்னபோது அங்கே இருந்தவன் நீ. ஒரே ஒரு முறை, "அப்டி இல்லம்மா" என்று சொல்லியிருந்தால் போதும். நீ டிவியைப் பார்த்துக்கொண்டே இருந்தாய். பன்னிரண்டு வருடம் அப்படியே இருந்தாய்.

நானும் வந்துகொண்டே இருந்தேன். நீ பிளஸ் டூவோடு படிப்பை நிறுத்திவிட்டாய். நாள் முழுவதும் டிவி கேம். என்னை ஜெயிப்பதற்கு உனக்கு இப்போது ஒரு வெறி வந்திருந்தது. கால் போகப் போகக் கை கூர்மையானது. டேங்க் கேமில் எதிரி வருவதற்கு முன்பே அவன் வரப்போகும் இடத்தில் குண்டை அனுப்பி வைத்திருப்பாய். ஹெலிகாப்டர் கேமில் கண்ணை மூடிக்கொண்டு இரண்டு ஸ்டேஜ் ஆடிக் காட்டினாய், பாட்டை மட்டும் கேட்டுக்கொண்டு. ஜாய்ஸ்டிக்கில் இருந்தது அவ்வளவுதான்: நாலு திசை, இரண்டு பட்டன். அதற்குள் நீ கண்டுபிடித்தவை முடியவே இல்லை. இன்றைக்குப் பத்துப் பதினைந்து பட்டன் வைத்துக் கொடுக்கிறார்கள். ஒரு வாரத்தில் அலுத்துப்போகிறது.

எனக்குப் பதினெட்டு வயதான வருடம் ஒரு மத்தியானம். உன் அறையில் ஆடிக்கொண்டிருந்தோம். சுவருக்கு அந்தப் பக்கம் எங்கள் வீட்டுச் சமையலறை. மாமா பேசிக்கொண்டிருப்பது கேட்டது.

"நானே சொல்லிர்றேம்மா. நீ வாய் தொறந்து கேக்க மாட்டே. பாப்பாவுக்கு வேற எடம் பாத்துக்கோ."

அம்மா அழுதாள். "இன்னா ணா இப்டி சொல்ற" என்றாள். ஆனால் வேண்டாம் என்று சொல்லவில்லை. மூக்கை உறிஞ்சிவிட்டு, "ஆங்" என்றாள்.

நீ ஜாய்ஸ்டிக்கை வைத்துவிட்டு என் முகத்தைப் பார்த்தாய். முகத்தை எப்படி வைத்துக்கொள்வதென்று எனக்குத் தெரியவில்லை. உள்ளுக்குள் ஒரு நிம்மதி வந்தது, அது வெளியே தெரிந்திருக்க வேண்டும்.

"மூஞ்சப் பாரு" என்றாய். "ஸ்டேஜ் தாண்டிட்டா மாரி இருக்குது."

நீ ஆட்டத்தைத் தொடர்ந்தாய். அன்று என் டேங்கை இருபது தடவையாவது சுட்டிருப்பாய்.

எனக்கு அரக்கோணத்தில் ஒரு காலேஜில் கம்ப்யூட்டர் லேப் உதவியாளர் வேலை கிடைத்தபோது உனக்கு இருபத்தைந்து வயது. சக்கர நாற்காலி வந்துவிட்டிருந்தது. ஜாய்ஸ்டிக்கைக் கையில் பிடிக்க முடியாமல் மடியில் பலகை வைத்து அதன் மேல் வைத்து ஆடினாய். கட்டைவிரல் வளையாததால் நடுவிரல் மடிப்பால் பட்டனைக் குத்தினாய். அப்படியும் நான்தான் தோற்றேன். அத்தை காபி கொண்டுவரும்போது சொல்வாய்: "வேலைக்கி போறாளாம். டேங்க் ஓட்டத் தெர்ல, கம்ப்யூட்டர் ஓட்டறாளாம்."

அந்த வருடம் நான் புது கேம் மிஷின் வாங்கினேன். முதல் சில மாதச் சம்பளத்தில் வேறெதுவும் வாங்கவில்லை. எல்லாரிடமும், "பாவாவுக்காகத்தான்" என்று சொன்னேன். எனக்கே கொஞ்சம் அப்படித் தோன்றியது. அதன் ஜாய்ஸ்டிக்கை நீ படத்தில்கூடப் பார்த்ததில்லை. முன்னால் எட்டு பட்டன், பின்னால் நாலு, நடுவில் இரண்டு கட்டைவிரலுக்கும் இரண்டு சின்னக் குச்சிகள். கடைக்காரர் ஒரு கார் ரேஸ் கேமை எடுத்துக் காட்டினார், இரண்டு பட்டன் போதும், எல்லாரும் ஆடலாம் என்று. நான் அதை வாங்கவில்லை. திரையை இரண்டாகப் பிரித்து, ஆளுக்கொரு பாதியில் துப்பாக்கியோடு தேடிச் சுடும் கேமை வாங்கினேன். இடது குச்சி நடக்க, வலது குச்சி பார்க்க. இரண்டு கட்டைவிரலும் ஓயாமல் வேலை செய்ய வேண்டும். கடையில் நின்றபோது எனக்கு உன் கட்டைவிரல் நினைவுக்கு வந்தது. வந்த பிறகுதான் அதை வாங்கினேன்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம். மாமா, அத்தை, என் அம்மா, சோளிங்கரிலிருந்து வந்திருந்த சொந்தக்காரர்கள் இரண்டு மூன்று பேர். எல்லாரும் புது மிஷினைப் பார்க்க உட்கார்ந்தார்கள். நீ ஜாய்ஸ்டிக்கைப் பலகையில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தாய்.

"எதுல சுடறது?"

காட்டினேன். நல்ல ஜாய்ஸ்டிக்கைத்தான் கொடுத்தேன். இரண்டுமே நல்லது, புத்தம் புதியது.

முதல் ஆட்டத்தில் நீ நடக்கவே இல்லை. இரண்டாவதில் ஒரு மூலையில் சுவரைப் பார்த்து நடந்துகொண்டே இருந்தாய். மூன்றாவதில் வலது குச்சியை மணிக்கட்டால் தள்ளப் பார்த்தாய். அது மேலே போய் அப்படியே நின்றது. அதற்குப் பிறகு உன் பாதித் திரை கூரையையே பார்த்துக்கொண்டிருந்தது. நான் நடந்து வந்து, உன் பின்னால் நின்று, சுட்டேன். மறுபடி வந்து சுட்டேன். உன் கழுத்தில் வியர்வை வடிந்தது. வந்திருந்தவர்களில் ஒருவர், "வுட்டுக் குடும்மா ஒண்ணு" என்றார். நீ அவரைப் பார்த்த பார்வையில் அவர் எழுந்து வெளியே போய்விட்டார்.

ஏழாவது ஆட்டம் முடிந்ததும் நான் சிரித்தேன். சிரித்துக்கொண்டே சொன்னேன்:

"காலு போச்சி. இப்ப கையும் போச்சா பாவா?"

என் அம்மா புடவைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டாள். அத்தை எழுந்து வந்து என் தோளைப் பிடித்து இழுத்தாள். "எந்திரிச்சி போடி. போடி வெளிய."

"இரும்மா" என்றாய். குரல் சாதாரணமாக இருந்தது. "அவ ஜெயிச்சிகினு இருக்கறா. ஆங், கையும் போச்சி. அடுத்த ஆட்டம் போடு."

நான் அப்போது எழுந்திருக்கலாம். மிஷினை அணைத்திருக்கலாம். நீ "போடு" என்றாய், நான் போட்டேன். அதற்குப் பிறகு நான்கு ஆட்டம் ஆடினோம். நான்கிலும் உன்னைச் சுட்டேன். பதினோராவது முடிந்ததும் நீ பலகையை நகர்த்தச் சொன்னாய். "போதும். எனுக்கு நம்ப பழசு போதும்" என்றாய்.

மன்னிப்புக் கேட்கவில்லை நான். மறுநாளும் வந்தேன், ஒன்றும் நடக்காத மாதிரி. நீயும் அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை.

அடுத்த வருடம் பழைய டிவி கேம் நின்றுபோனது. போட்டால் திரை முழுக்கச் சாம்பல் கட்டங்கள். அரக்கோணத்தில் சரிசெய்து வருகிறேன் என்று பையில் போட்டு எடுத்துப்போனேன். அங்கே ஸ்டேஷன் பக்கத்தில் டிவி மெக்கானிக் ஒருவர் இருந்தார். நான் இறங்கி நடக்கும் வழியில்தான் அவர் கடை. பாவா, இதை நீ கடைசி வரை அறியவில்லை, இப்போது சொல்கிறேன். நாலு மாதம் அது என் லேப் அலமாரியில் கிடந்தது. நான் வீட்டில் புது கேம்களை ஆடிக்கொண்டிருந்தேன். நீ கேட்கும்போதெல்லாம், "பார்ட்டு வரலியாம்" என்றேன். கடைசியில் ஒரு நாள் கொண்டுபோய்க் கொடுத்தேன். அவர் திறந்து, விட்டுப்போயிருந்த ஒரு கம்பியைப் பற்றவைத்தார். நான் நின்றுகொண்டிருக்கும்போதே முடிந்துவிட்டது.

அன்று மாலை கொண்டுவந்து மாட்டினேன். படம் வந்தது. ஜாய்ஸ்டிக்கைப் பலகையில் வைத்தேன். நீ விரலை மடித்துப் பட்டன் மேல் வைத்தாய். அழுத்தினாய். பட்டன் இறங்கவில்லை. மறுபடி அழுத்தினாய். உன் தோளெல்லாம் நடுங்கியது. நாலு மாதத்துக்கு முன்னால் அந்த விரலால் அந்தப் பட்டனை அழுத்த முடிந்தது.

"நல்லா ஆவுதா?" என்று கேட்டாய்.

"ஆங்."

"அப்ப நீ ஆடு. நா சொல்றேன்."

அப்படித்தான் அது ஆரம்பித்தது. ஏறக்குறைய மூன்று வருடம். சாயந்திரம் ரயிலிலிருந்து இறங்கி நேராக உன் வீடு. நான் தரையில் உட்கார்ந்து ஆடுவேன், நீ பின்னால் நாற்காலியிலிருந்து சொல்வாய். "எடது. எடது. நில்லு. சுடு. செங்கல்ல வுடு, அவன் வருவான். இப்ப." நீ சொன்ன நொடியில் என் விரல் போக வேண்டும். அரை நொடி பிந்தினால், "செத்த கையி" என்பாய். அந்த வார்த்தையை எதற்காகத் தேர்ந்தெடுத்தாய் என்று எனக்குத் தெரியும். புது மிஷின் என் அறையில் தூசி படிந்தது. அதற்கு மேல் புதிதாக வந்தவற்றையும் வாங்கிப் பார்த்தேன். அழகாகத்தான் இருந்தன. புல்கூட அசைந்தது. ஆனால் ஒன்றிலும் எனக்கு முதுகுக்குப் பின்னால் இருந்து ஒரு குரல் வரவில்லை. பழைய டிவி கேம் கேசட்டுகளைத் தேட ஆரம்பித்ததும் அப்போதுதான். திருவாலங்காட்டில் ஒரு வீட்டுப் பரணில் நாலு கேசட் கிடைத்தது, உனக்கு நினைவிருக்கும். மூன்று ஓடவில்லை. ஓடிய ஒன்றை நீ நாற்பது நாள் என்னை ஆடவைத்தாய்.

கடைசி மழைக்காலத்தில் உன் குரலும் இறங்கிவிட்டது. மூச்சு வாங்கி வாங்கி ஒரு சொல் சொல்வாய். டேங்க் கேமில் ஒரு ஸ்டேஜை நாம் தாண்டவே முடியவில்லை. நடுவில் தண்ணீர், இரண்டு பக்கமும் இரும்புச் சுவர். நீ இடது பக்கமாகப் போகச் சொல்வாய், நான் போவேன், அங்கே சாவேன். ஒரு மாதமாக இதே கதை. ஒரு சனிக்கிழமை மத்தியானம் நீ "எடது" என்றாய், நான் வலது பக்கம் போனேன். நீ "எடது, எடது" என்று சொல்லிக்கொண்டே இருந்தாய். நான் கேட்கவில்லை. கடைசி எதிரி வெடித்தான். புது ஸ்டேஜ் திறந்தது. பத்து வருடத்துக்கு மேல் ஆடிய கேமில் நாம் பார்த்தே இராத சுவர்கள்.

"பாவா, தாண்டிட்டோம்!"

நீ மூச்சைச் சேர்த்துக்கொள்ள வெகுநேரம் ஆயிற்று.

"நீ தாண்டின. நா தாண்டல. ஆஃப் பண்ணு."

"பாவா, இவ்ளோ தூரம் வந்துட்டு..."

"நா எங்க சாவச் சொல்றனோ, அங்க சாவு. மொதல்லருந்து போடு."

அணைத்தேன். முதலிலிருந்து போட்டேன். நீ சொன்ன இடது பக்கமே போய், நீ சொன்ன இடத்தில் செத்தேன். நீ கண்ணை மூடிக்கொண்டாய். உன் முகத்தில் ஒரு திருப்தி இருந்தது.

அதற்கு மூன்று வாரத்தில் நீ போய்விட்டாய். நான் லேபில் இருந்தபோது, காலை பதினோரு மணிக்கு. மாமா போன் செய்தார். "வந்துரும்மா" என்று மட்டும் சொன்னார்.

பதினாறாம் நாள் காரியம் முடிந்து சொந்தக்காரர்கள் கிளம்பிக்கொண்டிருந்தார்கள். போகிறவர்கள் எல்லாரும் என் கையைப் பிடித்துக்கொண்டு, "கட்டிக்கப் போறவளா இருந்தாக்கூட இப்டி பாத்துக்க மாட்டா" என்று சொல்லிவிட்டுப் போனார்கள். நான் தலையாட்டினேன். பின்கட்டில் அத்தை பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தாள். நான் போய்க் கழுவ உட்கார்ந்தேன். அவள் என்னைப் பார்க்காமலே பேசினாள்.

"எல்லாரும் உன்ன நல்லவளுன்றாங்க. நீ ஒண்ணு தெரிஞ்சிக்கணும்டி. அவன் உன்ன மன்னிக்கல."

நான் கழுவிக்கொண்டிருந்தேன்.

"அன்னிக்கு அத்தினி பேரு முன்னாடி கேட்டியே, கையும் போச்சான்னு. போன மாசங்கூட சொன்னான். 'அது ஆறலம்மா. ஆறவும் ஆறாது. அவகிட்ட சொல்லாத, நா போனப்புறம் சொல்லு'ன்னான்."

"தெரியும் அத்தை."

"தெரியாது உனுக்கு." தேங்காய் நாரால் வேகமாகத் தேய்த்தாள். "நீ வர்ற அஞ்சரை வண்டி ஊதிச்சின்னா போதும். 'தல வாரி உடும்மா'ம்பான். தெனம். எண்ண வெச்சி, வகிடு எடுத்து. ஒரு நாளு சீப்பத் தேடறதுக்குள்ள நீ உள்ள வந்துட்டே. அன்னிக்கு முச்சூடும் எங்கிட்ட பேசல."

அவ்வளவு சொல்லிவிட்டு அடுத்த பாத்திரத்தை எடுத்தாள். நான் அதைக் கழுவினேன். அத்தை அன்றைக்குப் பிறகு இதைப் பற்றிப் பேசவில்லை. என்னை மலைப்படியோடு சேர்த்துச் சொல்வதையும் நிறுத்திவிட்டாள்.

அவள் சொன்ன இரண்டையும் நான் வைத்துக்கொண்டிருக்கிறேன். ஒன்றால் மற்றொன்று குறையும் என்று கொஞ்ச நாள் காத்திருந்தேன். குறையவில்லை. நீ மன்னிக்கவில்லை, அது முழுசாக இருக்கிறது. மற்றதும் முழுசாக இருக்கிறது. திரும்பி உன்னைப் பார்த்த எந்தச் சாயந்திரத்தை நினைத்தாலும் உன் தலை எண்ணெய் வைத்துப் படிய வாரியே இருக்கிறது, பாவா. அது தானாகவே அப்படி இருந்தது என்றுதான் அத்தனை வருடமும் நினைத்துக்கொண்டிருந்தேன்.